மான்டிசெல்லோ தோட்டப் பேச்சுக்குப் போனவர்கள் உண்டா? (அவரைப் பஞ்சாயத்தும் உள்ளே)

செம்மண்காரி | ரிச்மண்ட், வர்ஜீனியா | மார்ச் 24

எல்லாருக்கும் வணக்கம். போன சனிக்கிழமை மான்டிசெல்லோவில் வசந்தகாலத் தோட்டப் பேச்சு ஒன்றுக்குப் போய்வந்தேன். சார்லட்ஸ்வில் ஊரை ஒட்டிய மலை மேல், அமெரிக்காவின் மூன்றாவது அதிபர் தாமஸ் ஜெபர்சன் கட்டிய வீடு அது. எங்கள் வீட்டிலிருந்து காரில் ஒன்றேகால் மணி நேரம்.

உண்மையைச் சொன்னால் பெரிய எதிர்பார்ப்பில்லாமல்தான் போனேன். இதற்கு முன் வேறொரு பழைய மாளிகையில் பணம் கட்டிப் போன பேச்சில் இரண்டு மணி நேரமும் வேலிச்செடியை உருண்டையாக வெட்டுவது எப்படி என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள். இங்கே அப்படி இல்லை. காய்கறித் தோட்டத்திலேயே நிற்க வைத்துப் பேசினார்கள்.

அந்தத் தோட்டத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மலைச்சரிவை வெட்டிச் சமன் செய்த ஒரே மேடை. 1000 அடி நீளம், 80 அடி அகலம். கீழ்ப்பக்கம் தாங்குவதற்குக் கல்சுவர், சில இடங்களில் 12 அடிக்கு மேல் உயரம். தென்கிழக்கு பார்த்த சரிவு என்பதால் காலை வெயில் முதலில் அங்கேதான் விழும். கல் பகலெல்லாம் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் விடும். குளிர்காற்று கனமானது, சரிவில் வழிந்து பள்ளத்துக்குப் போய்விடும். அதனால் கீழே பள்ளத்தாக்கில் உறைபனி விழுந்த காலையிலும் மேலே செடி தப்பித்துவிடும். சுவரின் அடியில் அத்தி வளர்த்திருக்கிறார்கள், அந்தச் சூட்டை நம்பித்தான்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக என் கத்தரி நாற்றுகளுக்கு ஒதுக்கியிருந்த இடத்தை மாற்றினேன். கொல்லையின் பள்ளமான மூலையில் வைப்பதாக இருந்தேன். இப்போது கார் கொட்டகையின் செங்கல் சுவர் ஓரம், தெற்குப் பக்கம். மூன்று வருடமாக அந்தப் பள்ளத்தில்தான் ஏப்ரல் கடைசியில் நாற்றைப் பறிகொடுத்தேன் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

வேறு யாராவது போயிருக்கிறீர்களா? கோடையிலும் இலையுதிர் காலத்திலும் போவதற்கு எது உருப்படியான தலைப்பு?

மான்_தொல்லை | நியூஜெர்சி | மார்ச் 24

அக்கா, நல்ல பதிவு. ஆனால் ஒரு சந்தேகம். அவர்கள் பேசுவது பட்டாணி, லெட்டூஸ், கூனைப்பூ (ஆர்ட்டிசோக்). நமக்கு வேண்டியது அவரை, புடலை, கீரை. 200 வருடத்துக்கு முந்தைய வெள்ளைக்காரர் தோட்டத்திலிருந்து நமக்கு என்ன கிடைக்கப் போகிறது? அதற்கு நான் ஐந்தாறு மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டுமா?

ஒன்றே ஒன்றுதான் கேட்க ஆசை: மானுக்கு அவர் என்ன செய்தார்?

செம்மண்காரி | ரிச்மண்ட், வர்ஜீனியா | மார்ச் 25

மானுக்கு மரப்பலகை வேலி, தம்பி. ஏறக்குறைய 10 அடி உயரம். முயல்குட்டிகூட நுழைய முடியாதபடி பலகையை நெருக்கி அடிக்கச் சொன்னாராம். உன் 6 அடி வலையை மான் ஏன் மதிப்பதில்லை என்று புரிகிறதா?

லெட்டூஸ்தானே என்று தள்ளிவிடாதே. எனக்குப் பிடித்ததே அதுதான். பிப்ரவரி 1 முதல் செப்டம்பர் 1 வரை ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் ஒரு சின்ன அளவு லெட்டூஸ் விதை போட வேண்டும் என்று ஜெபர்சன் எழுதி வைத்திருக்கிறார். அளவு எவ்வளவு தெரியுமா? தையல்காரர் விரல் நுனியில் மாட்டிக்கொள்கிற உறை கொள்ளும் அளவு. அவ்வளவுதான். பாக்கெட்டை மொத்தமாகக் கொட்டிவிட்டு மே மாதம் பக்கத்து வீட்டுக்கெல்லாம் கட்டுக்கட்டாகக் கொடுத்து, ஜூனில் கடையில் வாங்குகிற நம் பழக்கத்துக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை.

கீரைக்கட்டு | டல்லஸ் | மார்ச் 25

விரல் உறை யோசனையை நான் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். எனக்கு மருந்து பாட்டில் மூடி. முளைக்கீரையை மே முதல் ஆகஸ்ட் வரை வாரம் ஒரு மூடி தூவினால் நான்கு பேர் வீட்டுக்குப் போதும். கொத்தமல்லியும் வெந்தயக்கீரையும் மட்டும் இந்தக் கணக்குக்கு ஒத்துவராது, இங்கே ஜூன் வந்தால் பூத்துவிடும். அவற்றை மார்ச், ஏப்ரல், அப்புறம் செப்டம்பர்.

கூடுதலாக ஒன்று: கீரை விதையை மணலோடு கலந்து தூவுங்கள். அம்மா சொல்லிக் கொடுத்தது. இதற்குப் பேச்சுக்கெல்லாம் போகவில்லை :)

மான்_தொல்லை | நியூஜெர்சி | மார்ச் 27

சரி, லெட்டூஸை ஒத்துக்கொள்கிறேன். இப்போது என் உண்மையான பிரச்சினை. மாமியார் ஊரிலிருந்து பெட்டிக்குள் கொண்டுவந்த அவரை விதை. மூன்று வருடமாகப் போடுகிறேன். மே மாதம் விதைத்தால் ஆகஸ்டில் வேலி முழுக்கப் பச்சை. இலை உள்ளங்கை அகலம். கொடி பக்கத்து வீட்டு ஊஞ்சலில் ஏறிவிடும். பூ மட்டும் வராது. செப்டம்பர் கடைசியில் நான்கு பூங்கொத்து எட்டிப் பார்க்கும், அக்டோபரில் உறைபனி, கதை முடிந்தது. மாட்டெரு குறைத்தேன், நுனி கிள்ளினேன், சாம்பல் போட்டேன், தண்ணீரை நிறுத்திப் பட்டினி போட்டேன். ஒன்றும் ஆகவில்லை.

உங்கள் மான்டிசெல்லோவில் இதற்குப் பதில் இருந்தால் நான் இன்றே கிளம்புகிறேன்.

செம்மண்காரி | ரிச்மண்ட், வர்ஜீனியா | மார்ச் 27

கிளம்பு. அங்கே காய்கறித் தோட்டத்துப் பந்தலில் படர விடுவதே அவரைதான்!

நம்பவில்லையா? ஊதா அவரை. தண்டு, பூ, காய் எல்லாம் கருஞ்சிவப்பு கலந்த ஊதா. கோடையில் போனவர்கள் எல்லாரும் அதன் முன்னால் நின்றுதான் படம் எடுப்பார்கள். விதைக் கடைகளில் இதை 'ஜெபர்சன் அவரை' என்றே விற்கிறார்கள். ஆனால் அவர் இதை வளர்த்தார் என்பதற்கு நேரடிக் குறிப்பு இல்லை. 1812இல் தோட்டத்து நடைபாதையில் வெள்ளை, சிவப்பு, ஊதா நிறப் பந்தல் பயறுகள் போட்டதாக எழுதியிருக்கிறார். அவருக்கு விதை அனுப்பிய பிலடெல்பியா வியாபாரி பெர்னார்ட் மக்மஹோன் 1804இலேயே அவரை விதை விற்றிருக்கிறார். இரண்டையும் சேர்த்து யூகித்து இன்று நட்டிருக்கிறார்கள். ஆதாரம் இவ்வளவுதான் என்று ஒளிக்காமல் சொல்கிறார்கள். அது எனக்குப் பிடித்தது.

அங்கே அது கோடையிலேயே பூக்கிறது. உன் மாமியார் அவரை ஏன் பூக்கவில்லை என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. கோயம்புத்தூர் ஐயா எங்கே?

ஆடிப்பட்டம் | கோயம்புத்தூர் | மார்ச் 28

வந்துவிட்டேன் அம்மா. வேளாண்மைத் துறையில் 31 வருடம் இருந்தவன், அவரை என்றால் சும்மா இருக்க முடியுமா?

தம்பி, உங்கள் செடிக்கு நோய் ஒன்றும் இல்லை. அது ஊர்க்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறது. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று சொல்கிறோமே, கொடி அவரையை ஆடியில் போட்டால் எப்போது காய்க்கும்? மார்கழி, தை. பொங்கல் குழம்பில் அவரையும் மொச்சையும் விழுவது அதனால்தானே? எப்போதாவது யோசித்தீர்களா, ஏன் அப்போது மட்டும் என்று?

பகல் குறைந்தால்தான் அது பூக்கும். இன்னும் சரியாகச் சொன்னால் இரவு நீண்டால்தான். சென்னையில் வருடத்திலேயே நீண்ட பகல்கூட 13 மணி நேரத்தைத் தொடாது. நியூஜெர்சியில் ஜூனில் 15 மணி நேரம். அந்தச் செடி தலைமுறை தலைமுறையாகப் பார்த்தே இராத பகல் அது. உங்கள் ஊரில் பகல் 12 மணிக்கு இறங்குவது செப்டம்பர் கடைசியில். அன்றைக்குத்தான் அது 'சரி, ஐப்பசி வந்துவிட்டது' என்று பூக்கத் தொடங்குகிறது. நீங்கள் சாம்பல் போட்டதும் பட்டினி போட்டதும் வீண்.

வழி இரண்டு. ஒன்று, பகல் நீளத்தைக் கண்டுகொள்ளாத ரகம். பெங்களூரு பக்கம் ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்கா ஜெய், அர்கா விஜய் இரண்டும் அப்படிப்பட்ட குத்து அவரை. பந்தல் வேண்டாம், இடுப்பளவுகூட வராது. மான்டிசெல்லோ ஊதா அவரை கோடையிலேயே பூக்கிறது என்றால் அதுவும் நீண்ட பகலைத் தாங்கும் வகை என்றுதான் அர்த்தம். இரண்டாவது, தொட்டியில் ஒரு செடி வைத்து, ஆகஸ்ட் தொடக்கத்திலிருந்து தினமும் மாலை 6 மணிக்குக் கருப்புத் துணியால் வெளிச்சம் புகாமல் மூடி, காலை 8 மணிக்குத் திறப்பது. ஒரு நாளும் விடக் கூடாது. பேரப்பிள்ளை வளர்ப்பது போல.

நடத்துநர் | மார்ச் 28

அவரைப் பாடம் அருமை. ஒரு சின்னக் குறிப்பு: ஊரிலிருந்து விதையைப் பெட்டியில் ஒளித்துக் கொண்டுவராதீர்கள். அமெரிக்காவுக்குள் விதை வர தாவர நலச் சான்றிதழ் வேண்டும். மாமியார் மேல் நடவடிக்கை இல்லை, இனிமேல் கவனம்.

லயத்துக்காரன் | டொராண்டோ | ஏப்ரல் 2

இழையை முதலிலிருந்து வாசித்தேன். அவரைக் கதை நல்லது. ஆனால் ஒரு விஷயம் யாரும் கேட்கவில்லை.

நான் பிறந்தது இலங்கையில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். எங்களுக்குத் 'தோட்டம்' என்றாலே அதுதான். எஸ்டேட். துரையின் பங்களாவில் ரோசா, டேலியா, வெட்டிவிட்ட புல்தரை. அதைப் பார்த்துக்கொண்டவர் என் தாத்தா. யாராவது பங்களாத் தோட்டத்தைப் புகழ்ந்தால் துரையைத்தான் புகழ்வார்கள். அதனால் 'ஜெபர்சன் தோட்டம் போட்டார், ஜெபர்சன் சுவர் கட்டினார்' என்று படித்தால் எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. அவர் கல் தூக்கினாரா? அந்த மனிதர் தம் வாழ்நாளில் 600 பேருக்கு மேல் அடிமைகளாக வைத்திருந்தவர். எங்கள் ஆட்கள் பட்டது அடிமைமுறை என்று நான் சொல்ல வரவில்லை, இரண்டும் ஒன்றல்ல. ஆனால் பெயர் யாருக்குப் போகிறது என்பது மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

இன்னொன்றும் கேட்கிறேன். எங்கள் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, முன்னால் எங்கள் அம்மாவுக்கு நாலு முழம் நிலம் இருந்தது. கரட், லீக்ஸ், பீன்ஸ், ஓரத்தில் கொஞ்சம் கீரை. கொழுந்து பறித்துவிட்டு வந்து, இருட்டுவதற்குள் தண்ணீர் ஊற்றுவா. எனக்குத் தெரிந்த தோட்டக்கலை முழுவதும் அந்த நாலு முழத்தில் படித்தது. அந்த மலையில் இருந்தவர்களுக்கு அப்படி ஒரு துண்டு நிலம் இருந்ததா? அதைப் பற்றிப் பேச்சில் ஏதும் சொன்னார்களா?

செம்மண்காரி | ரிச்மண்ட், வர்ஜீனியா | ஏப்ரல் 3

சரியான இடத்தில் குட்டியிருக்கிறீர்கள் அண்ணா. என் முதல் பதிவை இப்போது படித்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. 'வெட்டிச் சமன் செய்த மேடை' என்று யார் வெட்டினார்கள் என்பதை விட்டுவிட்டு எழுதியிருக்கிறேன். 1806 முதல் 1809 வரை அந்த மேடையை வெட்டியதும் கல்லை அடுக்கியதும் அடிமைப்படுத்தப்பட்டவர்கள்.

பேச்சில் சொன்னார்கள். தோட்டத்துக்கு நேர் மேலே மல்பெரி வரிசை என்று ஒரு தெரு, அவர்களுடைய குடிசைகளும் பட்டறைகளும் இருந்த இடம். பேச்சு அங்கேதான் தொடங்கியது. தலைமைத் தோட்டக்காரராக இருந்தவர் வோர்ம்லி ஹியூஸ். ஜெபர்சன் பல மாதங்கள் வாஷிங்டனில். விதை வந்தால் ஊன்றியதும், பூச்செடிக் கிழங்கை நட்டதும், மரக்கன்றைப் பிழைக்க வைத்ததும் இவர். 1826இல் ஜெபர்சனுக்குக் குழி வெட்டியதும் இவர்தான்.

நீங்கள் கேட்ட துண்டு நிலம்: இருந்தது. வேலை முடிந்த இரவுகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் தங்களுக்கென்று பயிர் செய்திருக்கிறார்கள். அதில் விளைந்ததை மாளிகைக்கே விற்றார்கள். ஜெபர்சனின் பேத்தி ஆன் 1805 முதல் 1808 வரை எழுதிய வீட்டுக் கணக்கில் யாரிடம் வெள்ளரி வாங்கினோம், யாரிடம் முட்டை, கோழி வாங்கினோம் என்று இருக்கிறது. 1000 அடி மேடை வைத்திருந்தவர் சமையலறைக்கு வெள்ளரிக்காய் குடிசைத் தோட்டத்திலிருந்து வந்தது. அந்தத் துண்டு நிலங்களின் வரைபடம் ஒன்றாவது கிடைத்திருந்தால் நான் அதைப் பார்ப்பதற்காகவே மறுபடி போவேன்.

பச்சைமிளகாய் | ஹூஸ்டன் | ஏப்ரல் 3

வந்தது தோட்டம் பேச. அரசியல் வேண்டாமே.

லயத்துக்காரன் | டொராண்டோ | ஏப்ரல் 3

வெள்ளரிக்காய் யார் விளைவித்தது என்பது தோட்டம் இல்லையா தம்பி?

செம்மண்காரி | ரிச்மண்ட், வர்ஜீனியா | ஜூலை 15

கோடைப் பேச்சுக்கும் போய்வந்தேன். விதை எடுப்பதுதான் தலைப்பு. தக்காளி விதையைச் சதையோடு இரண்டு மூன்று நாள் புளிக்க விட்டுக் கழுவுவது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். எனக்குப் புதிது: விதைக்கு விடும் செடியை முதலிலேயே தேர்ந்தெடுத்து நாடா கட்டிவிட வேண்டும், சாப்பிட்டது போக மிச்சமான காயில் எடுக்கக் கூடாது. நாம் செய்வது சரியாக அதற்கு எதிர்மாறு. பழைய ரகங்களைக் காப்பாற்றுவதற்கென்றே அவர்களுக்குப் பக்கத்து டஃப்டன் பண்ணையில் ஒரு மையம் இருக்கிறது, 1987 முதல். விதையும் விற்கிறார்கள்.

இடையில் ஒரு சின்னச் செய்தி. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு எள்ளும் இங்கே வந்திருக்கிறது. 'பெனி' என்று பெயர். ஜெபர்சனுக்கு நல்லெண்ணெய் ஒரு குப்பி கிடைத்து, 1808இல் அதை விருந்தாளிகளுக்குப் பச்சைக் காய்கறியில் ஊற்றிக் கொடுத்திருக்கிறார். ஆலிவ் எண்ணெய்க்குச் சமம் என்று எல்லாரும் சொன்னதாக ஒரே புகழ்ச்சி. அப்புறம் எள் பயிரிட்டு, ஆட்டுவதற்கு இயந்திரம் செய்து பார்த்து அவஸ்தைப்பட்டார். நம் ஊர்ச் செக்கு ஒன்று இருந்திருந்தால்!

மான்_தொல்லை | நியூஜெர்சி | ஆகஸ்ட் 30

நிலவரம். குத்து அவரை இரண்டு வாரமாகக் காய்க்கிறது, ஐயாவுக்குக் கோடி நன்றி. ஊதா அவரையும் போட்டேன். பூ கண்ணைப் பறிக்கிறது. காய் பிஞ்சில் பறித்தால் பரவாயில்லை, இரண்டு நாள் விட்டால் நார்.

மாமியார் அவரை? வேலி நிறைய இலை. வழக்கம்போல. ஆனால் ஒரு வினோதம், வீட்டுச் சுவர்ப் பக்கம் ஓடிய கொடியில் இப்போதே இரண்டு பூங்கொத்து. வேலிப் பக்கம் ஒன்றுகூட இல்லை. ஒரே விதை, ஒரே மண். எப்படி?

ஆடிப்பட்டம் | கோயம்புத்தூர் | ஆகஸ்ட் 31

வேலிப் பக்கம் இரவில் விளக்கு எரிகிறதா?

மான்_தொல்லை | நியூஜெர்சி | ஆகஸ்ட் 31

ஐயோ. மானை விரட்ட வேலியில் இரண்டு பெரிய விளக்கு. சாயங்காலம் முதல் காலை வரை எரியும். மூன்று வருடமாக.

ஆடிப்பட்டம் | கோயம்புத்தூர் | ஆகஸ்ட் 31

மான் வந்ததா?

மான்_தொல்லை | நியூஜெர்சி | ஆகஸ்ட் 31

விளக்கு வெளிச்சத்தில் நின்று நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுப் போகிறது.

ஆடிப்பட்டம் | கோயம்புத்தூர் | செப்டம்பர் 1

அப்போது அணைத்துவிடுங்கள். இருட்டின் நடுவில் வெளிச்சம் பட்டாலே இது போன்ற செடிக்குக் கணக்குக் குழம்பும். உங்கள் நாட்டிலேயே தெருவிளக்கின் அடியில் நிற்கும் சோயா மட்டும் முற்றாமல் பச்சையாக நிற்கும், விவசாயிகளைக் கேட்டால் சொல்வார்கள். சுவர்ப் பக்கம் வீட்டின் நிழலில் இருட்டு கிடைத்திருக்கிறது. நான் மார்ச்சிலேயே கேட்டிருக்க வேண்டும், தவறு என்னுடையது.

கீரைக்கட்டு | டல்லஸ் | செப்டம்பர் 2

ஊதா அவரை போட்டவர்களுக்கு: முற்றிய காய்ந்த விதையைப் பச்சையாகக் குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. பாட்டி மொச்சையை ஊறவைத்து, பிதுக்கி, வேகவைத்த தண்ணீரைக் கொட்டுவது சும்மா இல்லை. அழகுக்கு வாசலில் வைப்பவர்களுக்கு இது தெரிவதில்லை.

லயத்துக்காரன் | டொராண்டோ | செப்டம்பர் 20

செம்மண்காரி அக்கா, அடுத்த வசந்தத்தில் மகளைக் கூட்டிக்கொண்டு மான்டிசெல்லோ வரலாம் என்று இருக்கிறேன். சுவரை விட, அந்த மல்பெரி வரிசையில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

செம்மண்காரி | ரிச்மண்ட், வர்ஜீனியா | செப்டம்பர் 20

எங்கள் வீட்டில் தங்குங்கள் அண்ணா. பட்டாணி விதைக்கிற வாரமாகப் பார்த்து வாருங்கள்.

மான்_தொல்லை | நியூஜெர்சி | அக்டோபர் 18

சுவர்ப் பக்கம் மட்டும் இன்று ஒரு சின்னக் கிண்ணம் அளவு அவரை பறித்தேன். மாமியாருக்குப் படம் அனுப்பினேன். 'இவ்வளவுதானா?' என்று கேட்கிறார். விளக்கை அணைத்ததிலிருந்து வேலிப் பக்கமும் நிறையப் பூத்திருக்கிறது, பிஞ்சு விரல் நீளம்கூட இல்லை. இன்றிரவு உறைபனி என்கிறார்கள். பழைய வேட்டி இரண்டை எடுத்துப் போர்த்திவிட்டு வந்தேன். இருட்டில் ஒரு மான் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.